அடுப்பு மேடையில் ஒரு வெளுப்பு

டிசம்பர் 3, புதன்

அடுப்புக்கு இடப்பக்கம் கிரானைட் வெளுத்திருக்கிறது. உள்ளங்கை அகலம். கறுப்புக் கல்லின் மேல் யாரோ ஈரக் கையை ஊன்றிவிட்டுப் போனதுபோல் ஒரு சாம்பல் திட்டு. நான் ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது இந்த வீட்டில் எனக்குப் பழகிய வேலை.

இவர் இன்றுதான் பார்த்தார். சமையலறைக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டுவது இவர் கண்ணில் படவில்லை, இது பட்டுவிட்டது. படவைத்தவர் பல்லடத்தில் இருக்கும் இவருடைய அக்கா பழனியம்மாள். வீடியோ காலில் வந்து, "தம்பி, அதென்னடா அடுப்புக்கிட்ட வெள்ளையா?" என்று கேட்டார். கணவரின் அக்கா எங்கள் பக்கம் நங்கையா. நங்கையாவுக்கு அங்கிருந்தே என் சமையலறையின் தூசி தெரியும்.

அது சாதாரணக் கல் அல்ல. நங்கையாவின் கணவர் கிட்டுசாமி அண்ணன் போன வருடம் நாலு கடை ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்தது. அவர் நாற்பது வருடம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். கறுப்பில் எத்தனை கறுப்பு உண்டு என்று தெரிந்தவர். "இருக்கறதுலயே நல்ல கருப்பு இதுதானுங்க" என்று தட்டிக் காட்டினார். ஆகவே கல்லில் குற்றம் இருக்க முடியாது. குற்றம் வீட்டில் இருப்பவர்களிடம்தான்.

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவதான? என்னன்னு பாரு," என்றார் இவர்.

எட்டரைக்குள் துணிச் சோதனை லேபில் இருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏதாவது ஆசிட் பட்டிருக்கும். எலுமிச்சம்பழம், வினிகர்..." என்றேன். கல்லைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பூவாத்தாள் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக எங்கள் வீட்டில் சமையலும் பாத்திரமும் அவர்தான். தேய்க்கும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

டிசம்பர் 5, வெள்ளி

இப்போது இரண்டு திட்டு.

டிசம்பர் 7, ஞாயிறு

வைத்தியம் சொல்ல ஆள் குறைவில்லை. அடுத்த வீட்டுக் கண்ணம்மாள் டீச்சர் மதில் மேல் எட்டி, பற்பசை என்றார். இவருடைய நண்பர் ஒருவர் சோடா மாவு என்றார். இவர் ஃபோனில் ஒரு பெண் காபித் தூளைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். பதினெட்டு லட்சம் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் கல் வெளுத்துவிட்டதா, அல்லது அத்தனை பேருக்கும் வேறு வேலை இல்லையா?

நங்கையா தேங்காயெண்ணெய் என்றார். தேய்த்தோம். உடனே கறுத்தது. இவர் ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். அங்கிருந்து கும்பிடும் கைகள் நாலு வந்தன. சாயங்காலத்துக்குள் எறும்பும் வந்தது.

டிசம்பர் 8, திங்கள்

எண்ணெய் காய்ந்ததும் திட்டு திரும்பி வந்துவிட்டது. கும்பிட்ட கைகள் கும்பிட்டபடியே ஃபோனில் இருக்கின்றன.

டிசம்பர் 10, புதன்

இவருக்குச் செக்கிங் யூனிட். கம்பெனிகள் தைத்து அனுப்பும் பனியன்களைப் பிரித்துப் பார்த்து, நூல் வெட்டி, மெஷின் எண்ணெய்க் கறை எடுத்து, அயர்ன் செய்து பெட்டியில் அடுக்கும் வேலை. கறை எடுப்பதற்கு ஒரு கன் உண்டு. அதில் ஏதோ ஒரு கரைப்பானை ஊற்றிக் கறை மேல் பீய்ச்சுவார்கள். கறை காணாமல் போகும். அடிக்கிறவர்களுக்கு அன்று முழுக்கத் தலை வலிக்கும்.

இன்று அந்தக் கன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"பத்து வருசமா எத்தன லட்சம் பீஸ்ல கறை எடுத்திருக்கேன். ஒரு கல்லுல எடுக்க முடியாதா?"

பனியனில் போகிற கறை கல்லிலும் போகும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்ற வேண்டுமானால் அவன் இந்த ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும். முகமூடியைத் தாடையில் மாட்டிக்கொண்டு அடித்தார். வீடு முழுக்க நெடி. ஒரு பிடி பனியன் வேஸ்ட்டை, வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணியை, எடுத்துத் துடைத்தார். திருப்பூரில் எந்த வீட்டில் எதைத் துடைத்தாலும் அதுதானே. வெள்ளை வேஸ்ட் கன்னங்கரேலென்று வந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

"பாரு, பாரு! எவ்வளவு அழுக்கு! ஆறு வருசமாத் தொடைக்கறேன் தொடைக்கறேன்னு என்னத்தத் தொடச்சாங்க இவங்க?"

கல் வந்து பதினாலு மாதம்தான் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

கல் காய்ந்ததும் பார்த்தோம். திட்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகியிருந்தது. கன் அடித்த இடமெல்லாம் வட்ட வட்டமாக, மூன்று தட்டு. இவர் கன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பூவாத்தாள் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, எலுமிச்சம்பழம் நா தட்டத்துல வெச்சுத்தானுங்க அறுக்கறது. கல்லு மேல ஒருநாளும் வெச்சதில்லீங்க."

"சரிங்க்கா" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 14, ஞாயிறு

நங்கையா நேரில் வந்தார். கல்லை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். என்ன வாசனை எதிர்பார்த்தாரோ.

"தைப்பூசத்துக்கு நாப்பது சனம் இந்த ஊட்டுக்கு வருது. பழனிக்கு நடக்கறவங்களுக்கு இந்த அடுப்புலதான் சோறாக்கோணும். இந்தச் சொறி புடிச்ச கல்ல வெச்சுட்டா? எங்கூட்டுக்காரரு பாத்துப் பாத்து எடுத்த கல்லு. ஒரு வருசம் வெச்சுக்கத் தெரியலியே கண்ணு உனக்கு."

கண்ணு. எனக்கு ஏப்ரலில் ஐம்பது.

"கல்லையும் மாத்தோணும், ஆளையும் மாத்தோணும். வெள்ளகோயில்ல ஒருத்தி இருக்கறா. நாஞ் சொன்னா நாளைக்கே வருவா."

இவர் சொன்னார்: "நா என்னக்கா சொல்றது? இவளே சொல்லீட்டாளே ஆசிட்டுன்னு. படிச்சவ."

படிச்சவ! இருபத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் என் படிப்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. என் மகள் எந்த காலேஜில் சேர வேண்டும் என்று பேசியபோதுகூடக் கூப்பிடவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கிளம்பும்போது நங்கையா மதிலோரம் டீச்சரோடு அரை மணி நேரம் நின்றார். குரல் சமையலறை வரைக்கும் கேட்டது. "கல்லையே தின்னுப்போட்டாங்க எங்கூட்டுல." பூவாத்தாள் அக்கா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் வீட்டிலும் சமையல் அவர்தான் என்பது நங்கையாவுக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் 15, திங்கள்

பூவாத்தாள் அக்காவைப் பொங்கலோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் இவர். ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் "செரிங்க" என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

டீச்சர் வீட்டில் இனிமேல் சமையலறைக்குள் வர வேண்டாம், வாசல் கூட்டித் துணி துவைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு இதைச் சொன்னது பூவாத்தாள் அக்கா அல்ல. டீச்சரே, கேட்டருகில் நிறுத்தி, ஏதோ எனக்கு நல்லது செய்ததுபோல: "எங்களுதும் கிரானைட்டாச்சுங்களே. சூதானமா இருக்கோணுமில்லீங்க?"

மூலை வீட்டிலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில், அவர் கை பட்டால் கல் கெடும் என்று தெருவில் பேர். மூன்று வீட்டுச் சமையல்தான் அவருடைய பிழைப்பு. ஒரே வாரத்தில் மூன்றும்.

டிசம்பர் 18, வியாழன்

லேபில் ஒரு சிவப்புத் துணி. தேய்ப்புச் சோதனை. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கருவியின் விரலில் மாட்டி, சாயத் துணியின் மேல் பத்து முறை தேய்க்க வேண்டும். வெள்ளையில் எவ்வளவு நிறம் ஒட்டுகிறது என்று பார்த்து ஐந்திலிருந்து ஒன்று வரை மார்க். ஐந்து நல்ல சாயம். இது இரண்டு.

ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஃபோன். "மேடம், ஒரே ஒரு பாயிண்ட் ஏத்திக் குடுங்க மேடம். பையர் என்னக் கொன்னுருவான் மேடம்."

கொல்லட்டும் என்றேன். பாராமல் மார்க் போடுகிற ஆள் நானில்லை என்றும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

ஃபோனை வைத்துவிட்டு ரிப்போர்ட்டில் இரண்டு என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இவர் கையில் இருந்த அந்தப் பனியன் வேஸ்ட். அழுக்கு அப்படியா இருக்கும்? அழுக்கு பழுப்பு. அடுப்பங்கரைப் பிசுக்கு மஞ்சள். அது கறுப்பு - ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஷேடு. அழுக்குக்கு ஏது ஷேடு?

அதுவும் போகட்டும். கிரானைட்டை எலுமிச்சைச் சாறு என்ன செய்யும்? சலவைக் கல்லைத் தின்னும், கடப்பாக் கல்லைத் தின்னும். கிரானைட் பெரும்பாலும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். அதை ஒன்றும் செய்யாது. முதல் வருட மாணவி சொல்லிவிடுவாள். எம்.எஸ்ஸி. முடித்து இருபத்தைந்து வருடம் லேபில் நின்றவள், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

டிசம்பர் 19, வெள்ளி

சோதனைத் துணி ஐந்து துண்டும் ஒரு சின்னப் புட்டியில் அசிட்டோனும் லேபிலிருந்து எடுத்து வந்தேன். மதியம் விடுப்பு. வீட்டில் யாரும் இல்லை.

பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் மேடை மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே பூவாத்தாள் அக்காவின் கையும் போகாது, எலுமிச்சம்பழமும் போகாது. அசிட்டோனில் நனைத்துப் பத்து முறை தேய்த்தேன். துணி கன்னங்கரேல். மார்க் ஒன்று. அதற்குக் கீழே மார்க் இல்லை.

பிறகு தரையில் உட்கார்ந்து மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் கல் சாம்பல் நிறம், நடுநடுவே வெள்ளைப் புள்ளி. எந்த ஊர்ப் பாறையும் இருப்பதுபோல். மேல்பக்கத்துக்கு மட்டும் யாரோ கறுப்புச் சாயம் ஏற்றிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சோப்பும் சூடும் படுகிற அடுப்போரம் முதலில் போயிருக்கிறது. மிச்சத்தை இவருடைய கன் எடுத்தது.

திருப்பூரில், ஒரு டையிங் மாஸ்டர், நாலு கடை ஏறி இறங்கி, சாயம் போட்ட கல்லை வாங்கியிருக்கிறார். தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். தனியாகச் சிரித்து எத்தனை நாள் ஆகிறது. அப்புறம் பூவாத்தாள் அக்கா நினைவு வந்தது. சிரிப்பு நின்றது.

டிசம்பர் 20, சனி

இவரிடம் துணியைக் காட்டினேன்.

"கல்லுக்கு எவனாச்சும் சாயம் போடுவானா?" பிறகு தானே ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வந்தது உண்மையான கவலை: "மச்சான்கிட்ட எப்படிச் சொல்றது?"

"பூவாத்தாக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேளுங்க" என்றேன்.

"அவுங்களுக்கு வயசாயிப்போச்சு. எப்படியும் நிக்கப் போறவங்கதான். கமுக்கமாக் கல்ல மாத்திக்கலாம். மச்சான் மனசு கஷ்டப்படோணுமா?"

மச்சான் மனசு கண்ணாடி. பூவாத்தாள் அக்காவின் பேர் பனியன் வேஸ்ட், துடைத்துவிட்டுப் போட்டுவிடலாம்.

டிசம்பர் 28, ஞாயிறு

எட்டு நாள் ஆகிறது. இவரை எழுதிக் கிழித்துவிட்டு நான் என்ன செய்தேன்? துணித் துண்டை ஒரு கவரில் போட்டு, கவரின் மேல் தேதி எழுதி, பீரோவில் வைத்தேன். காலையில் பூவாத்தாள் அக்கா கொடுத்த காபியை வாங்கிக் குடித்தேன்.

பேசாமல் இருப்பது மரியாதை, பேசாமல் இருப்பது அறிவு என்று எத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? இந்த எட்டு நாளுக்கு என்ன பேர் வைப்பது?

ஜனவரி 3, சனி

இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

தைப்பூசத்துக்குச் சாமான் பட்டியல் போட நங்கையாவும் கிட்டுசாமி அண்ணனும் வந்தார்கள். நங்கையா மேடையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "பொங்கல் கழிச்சுக் கல்லக் கழட்டிரலாங்க" என்று அண்ணனிடம் சொன்னார். பூவாத்தாள் அக்கா டீ போட்டுக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே போய்ப் புதுத் துணித் துண்டும் அசிட்டோனும் எடுத்து வந்தேன். இவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். எனக்குத் தெரியாத அர்த்தமா.

"அண்ணா, இது என்ன கறுப்புங்க?"

"ஜெட் பிளாக். அதுல என்னம்மிணி சந்தேகம்?"

"பிரிட்ஜுக்குப் பின்னால, கை படாத இடத்துல, இதை நனைச்சுத் தேய்ங்கண்ணா."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தேய்த்தார். தன்னை அறியாமல் எண்ணினார், பத்து வரைக்கும். நாற்பது வருடப் பழக்கம். துணியைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. துணியோடு ஜன்னலுக்குப் போய்விட்டார். சாயக்காரர்கள் ஷேடை விளக்கில் பார்க்க மாட்டார்கள், பகல் வெளிச்சத்தில்தான். இரண்டு பக்கமும் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"ஃபிக்ஸிங்கே போடல" என்றார். சாயம் போகாமல் நிற்கப் போடும் மருந்தைச் சொன்னார்.

"என்னுங்க சொல்றீங்க?" என்றார் நங்கையா.

"சாயம் பழனியம்மா. கல்லுக்குச் சாயம் போட்டு என்ற தலைல கட்டிப்போட்டான். நாப்பது வருசம் சாயத்துக்குள்ள நின்னவன் தலைல!"

நங்கையா வாயடைத்து நிற்பதை நான் பார்த்ததே இல்லை. நல்ல காட்சி. ஆனால் நெடுநேரம் நிற்கவில்லை.

"அப்பறம் ஆசிட்டுன்னு சொன்னது ஆரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்து வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை.

"நான்தான்" என்றேன். "பாக்காம சொன்னேன். பூவாத்தாக்கா மேல ஒரு தப்புமில்ல. மூணு வாரமா எனக்குத் தெரியும். சொல்லல."

கிட்டுசாமி அண்ணன் பூவாத்தாள் அக்காவைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பு என்னுதுங்க ஆத்தா."

அவர் டம்ளர்கள் வைத்த தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "டீ ஆறுதுங்க" என்றார்.

ஜனவரி 12, திங்கள்

இவர் காலையில் பூவாத்தாள் அக்காவிடம், "நீங்க நிக்க வேண்டாங்க" என்றார். இந்தத் தடவை ஃபோன் பையில் இருந்தது.

"நிக்கறேன்னு சொல்லீட்டனுங்களே" என்றார் அவர்.

இவர் போனபிறகு நான் சமையலறைக்குப் போனேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. நல்ல வாக்கியம். பாதியில் அக்கா நிறுத்திவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது அம்மிணி? எலுமிச்சம்பழம் எங்க வெச்சு அறுத்தேன்னு எனக்குத் தெரியாதுங்களா? டீச்சரூட்ல சொல்லுங்க. மூலையூட்ல சொல்லுங்க. எம்பேரு போனது அங்கதானுங்க."

குரல் உயரவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

ஜனவரி 13, செவ்வாய்

பதினோரு வருடமாக அடுத்த வீடு. அவர்கள் விசேஷத்துக்கு எல்லாம் இவர் போவார். எனக்கு எப்போதும் லேப் இருக்கும். இன்று கேட்டைத் திறந்துகொண்டு போனேன்.

டீச்சர் என்னைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லி, வந்த காரியத்தைச் சொன்னேன். கல்லுக்குச் சாயம். ஆசிட் என்றது நான். தவறு என்னுடையது. பூவாத்தாள் அக்கா ஒன்றும் செய்யவில்லை. நாலு வாக்கியம், முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

"அடங்கொப்புரானே! நீங்க இவ்வளவு பேசி இன்னிக்குத்தானுங்க கேக்கறேன்" என்றார் டீச்சர். பிறகு பூவாத்தாள் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், தன் கல்லையும் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. "எங்களுது ஒரிஜினல்!" கைதட்டிச் சிரித்தார். ஒரிஜினல் கல்லை எலுமிச்சம்பழம் தின்னாது, ஆகவே சமையலறைக்கு ஆள் வைக்கப் பயம் வேண்டாம் என்றேன். அதுவும் சரிதான் என்றார். இது போதும்.

மூலை வீட்டில் நான் யார் என்றே தெரியவில்லை. தண்டாயுதபாணியின் மனைவி என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கேயும் நாலு வாக்கியம். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபம்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பூவாத்தாள் அக்காவுக்கு இன்றோடு கடைசி. சேலை வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். டப்பாக்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து, எதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுப் போனார். என் வீட்டில் மிளகு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

கல்லை மாற்ற வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன், இப்போதெல்லாம் காரணமும் சொல்கிறேன். இவரும் நானும் ஜன்னல்களைத் திறந்துவைத்து, மேடை முழுக்க மீதிச் சாயத்தைத் துடைத்து எடுத்தோம். ஒரு மூட்டை வேஸ்ட் ஆயிற்று. அடியில் சுத்தமான சாம்பல் கல். பார்க்க ஒன்றும் மோசமில்லை. "கருப்பா இருந்தாத்தான கிராண்டா இருக்கும்" என்று இவர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். நாற்பது பேர். கல்லைப் பற்றிக் கேட்ட எல்லோருக்கும் கிட்டுசாமி அண்ணனே கதை சொன்னார்; நாலாவது ஆளிடம் சொல்லும்போது அவரே அதைக் கண்டுபிடித்ததாக ஆகியிருந்தது. இருக்கட்டும். நங்கையா வெள்ளகோவில் பெண்ணைப் பற்றி மறுபடியும் சொன்னார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

ஆறரை மணிக்கு டீச்சர் வீட்டுச் சமையலறையில் பூவாத்தாள் அக்காவின் குரல். டீச்சர் ஏதோ கேட்க, அக்கா ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். மூலை வீட்டிலும் திரும்பச் சேர்ந்துவிட்டாராம். எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிப் போன வாரம் கேட்டேன். "பாக்கலாங்க" என்றார். இரண்டாவது தடவை கேட்கவில்லை; கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இன்று குழம்பில் உப்பு கூடிவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. கரண்டியோடு மதிலோரம் போய் நின்றேன்.

"பூவாத்தாக்கா! உப்பு ஜாஸ்தியாப் போச்சுங்க. என்ன பண்றது?"

உள்ளேயிருந்தே பதில் வந்தது. "தேங்கா அரச்சு ஊத்தி ஒரு கொதி விடுங்க அம்மிணி. நாளைக்குப் பாத்துப் போடுங்க."

நாளைக்கு. நாளைக்கும் உப்புப் போடப் போவது நான்தான் என்று புரிந்துகொண்டேன். உள்ளே வந்து தேங்காய் துருவினேன்.